பந்தி பரிமாறிப் படித்தவர்கள்: நம் கல்லூரிகளுக்குள் ஏன் வேலை இல்லை?

போன நவம்பரில் அக்கா மகன் வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். கல்லூரி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த வருகைப்பதிவுப் பட்டியல். அவன் பெயருக்கு நேராக 71 சதவீதம். 75 இருந்தால்தான் பரீட்சை எழுத விடுவார்கள். கீழே ஒரே ஒரு வரி: "மாமா, அம்மாகிட்ட சொல்லாதீங்க."

பையன் சோம்பேறி இல்லை, அது எனக்குத் தெரியும். பாலக்கோடு தக்காளி மண்டியில் அவன் அப்பா லோடு ஏற்றுகிறவர். வரத்து அதிகமான மாதங்களில் இவனும் விடியற்காலை மூணு மணிக்கு எழுந்து போவான். பழம் தரம் பிரிக்கணும், பெட்டி அடுக்கணும், வண்டியில் ஏற்றணும். எட்டரைக்கு அங்கேயிருந்து கிளம்பி பஸ் பிடித்து தர்மபுரி வந்து சேர்வதற்குள் முதல் பீரியட் முடிந்துவிடும். இரண்டாவது பீரியடில் தூங்குவான். செமஸ்டர் முழுக்க முதல் பீரியட் போனால் என்ன ஆகும் என்பது சாதாரணக் கணக்கு.

நான் தொண்ணூறுகளின் கடைசியில் பி.ஈ. படித்தவன். சேலம், தர்மபுரி பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறியிருக்கிறேன். எங்கள் ஹாஸ்டலில் ஏழெட்டுப் பேர் போவோம். சமையல் மாஸ்டர் ஒருத்தர் ஹாஸ்டல் வாட்ச்மேனிடம் சொல்லிவிடுவார், "நாளைக்கு ராத்திரி ரிசப்ஷன், காலைல முகூர்த்தம், பத்துப் பசங்க வேணும்." இலை போடுறவன், தண்ணி வைக்கிறவன், சாம்பார் வாளி தூக்குறவன், கடைசியில் இலை எடுக்கிறவன். இலை எடுப்பதற்குப் பத்து ரூபாய் கூடுதல். அதை யார் செய்வது என்று எங்களுக்குள் சீட்டு குலுக்கிப் போடுவோம். தெரிந்தவர்கள் கல்யாணமாக இருந்துவிடக் கூடாது என்பதுதான் ஒரே பிரார்த்தனை. ஒரு தடவை எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பந்தியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, வாளியை அப்படியே வைத்துவிட்டு சமையல்கட்டுக்குள் போய் ஒளிந்திருக்கிறேன்.

ரெண்டாம் வருஷத்தில் நூலகத்தில் போய்க் கேட்டேன். சாயங்காலம் புத்தகங்களைத் திரும்ப அலமாரியில் அடுக்குகிறேன், ஏதாவது கொடுங்கள் என்று. நூலகர் நல்ல மனிதர், எனக்காக மேலிடத்தில் கேட்டுப் பார்த்தார். வந்த பதில், "படிக்க வந்தானா, வேலை பார்க்க வந்தானா?" கல்லூரியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அன்றைக்குத் தமிழ்நாட்டில் எந்தக் கல்லூரியில் போய்க் கேட்டிருந்தாலும் அநேகமாக இதேதான் பதிலாக வந்திருக்கும். அந்த பதில் எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி. ரொம்ப நாளாக இதற்குக் குறிப்பு எடுத்து வைத்திருந்தேன். அந்த 71 சதவீதத்தைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்தேன்.

என்னோடு பந்தி பரிமாறிய ஒருத்தன் பிற்பாடு எம்.எஸ். படிக்க அமெரிக்கா போனான். போன முதல் வாரமே பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் தட்டுக் கழுவும் வேலை கிடைத்தது. வாரத்துக்கு 20 மணி நேரம். மாணவர் விசாவில் இருப்பவர்கள் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் அவ்வளவு நேரம்தான் வேலை செய்யலாம். அவன் அம்மா அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னார், "அவன் சம்பாத்தியத்துலயே அவன் படிக்கிறான்." இங்கே அதே கையால் எச்சில் இலை எடுத்த விஷயம் அந்த அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

அமெரிக்காவிலும் இது தானாக முளைத்து வரவில்லை. பெரிய பொருளாதார வீழ்ச்சியின்போது பிள்ளைகள் கல்லூரியை விட்டு நின்றுகொண்டிருந்தார்கள். 1935-ல் ரூஸ்வெல்ட் அரசு தேசிய இளைஞர் நிர்வாகம் என்று ஒரு அமைப்பைத் தொடங்கியது. கல்லூரிக்குள்ளேயே மாணவர்களுக்கு வேலை, சம்பளம் அரசாங்கப் பணத்தில். நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்தபோது ஒரு ஆய்வகத்தில் எலிகளைப் பராமரித்தார், மாதம் 15 டாலர். பின்னாளில் ஜனாதிபதியான நிக்சன் டியூக் சட்டக் கல்லூரியில் மணிக்கு 35 சென்ட்டுக்கு வேலை பார்த்தார். இரண்டு பேருக்கும் படி அளந்தது இந்த அமைப்புதான்.

அந்த அமைப்புக்கு டெக்சாஸ் மாநில இயக்குநராக வந்தவர் 26 வயது லிண்டன் ஜான்சன். அவரே சான் மார்க்கஸ் ஆசிரியர் கல்லூரியில் வளாகத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்து படித்தவர். அப்புறம் கல்லூரித் தலைவர் அலுவலகத்தில் எடுபிடி வேலை. காசு போதாமல் நடுவில் படிப்பை நிறுத்திவிட்டு, மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்தில் கொட்டூலா என்ற ஊரில் வாத்தியார் வேலையும் பார்த்தார். 1964-ல் ஜனாதிபதியாக அவர் கொண்டுவந்த பொருளாதார வாய்ப்புச் சட்டத்தில்தான் இன்றைய 'வொர்க் ஸ்டடி' திட்டம் பிறந்தது. நூலகம், ஆய்வகம், அலுவலகம், உணவுக்கூடம் எங்கே வேண்டுமானாலும் வேலை. சம்பளத்தில் பெரும்பங்கு மத்திய அரசு கொடுக்கும், மீதியைக் கல்லூரி போடும். இந்த இடத்தைக் கவனிக்கணும். கல்லூரியின் நல்ல மனசை நம்பி அந்தத் திட்டம் நிற்கவில்லை. கல்லூரிக்குக் குறைந்த செலவில் ஆள் கிடைக்கிறது, அதனால் அவர்களே வேலைகளைத் தேடி உருவாக்குகிறார்கள்.

நம் பக்கம் வருவோம்.

ஏழை மாணவன் என்றதும் பழைய தமிழ்நாட்டுக் கதைகளில் முதலில் வருபவர் தி. முத்துசாமி ஐயர். சிறுவயதில் ஒரு கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் உதவியாளராக இருந்தவர். 1878-ல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர். தெருவிளக்குக் கதை இவரைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். அவர் காலத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி வரை, பட்டணத்துக்குப் படிக்க வந்த ஏழைப் பிராமணப் பையன்களுக்கு 'வாரச் சாப்பாடு' என்று ஒரு ஏற்பாடு இருந்தது. திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு என்று வாரம் முழுக்கச் சொந்த சாதிக்காரர் வீடுகளில் சாப்பாடு. அதோடு ட்யூஷன் எடுத்துக் கொஞ்சம் காசு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பட்டணத்தில் ஏழு வீடு இல்லாத சாதிக்காரன் எங்கே போவான்?

அந்தக் கேள்விக்குத் தமிழ்நாடு கண்டுபிடித்த பதில் விடுதி. சி. நடேசனார் 1910-களில் திருவல்லிக்கேணியில் பிராமணரல்லாத மாணவர்களுக்காக நடத்திய திராவிடர் இல்லம், சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்காக எழுப்பிய நந்தனார் கல்விக்கூடமும் விடுதியும், அப்புறம் அரசு நடத்திய விடுதிகள், சாதிச் சங்கங்கள் நடத்திய விடுதிகள். தங்க இடமும் சோறும் கொடுத்துவிடு, பையன் படித்துக்கொள்வான் என்பதுதான் இவை எல்லாவற்றுக்கும் பொதுவான எண்ணம். வேலை கொடு என்று யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்லணும்? அந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள் வேலை செய்து செய்துதானே தேய்ந்து போயிருந்தார்கள். வேலையிலிருந்து பிள்ளையைக் கொஞ்ச காலம் விடுவிப்பதற்குத்தான் விடுதி.

இதே காலத்தில் 'படிப்போடு உழைப்பும்' என்று இரண்டு இடங்களில் முயற்சி நடந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் கொஞ்சம் புரிய ஆரம்பித்தது.

ஒன்று நம்மூர். 1922-ல் வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் தொடங்கிய தமிழ்க் குருகுலம். தேசியக் கல்வி, உடலுழைப்பு, எளிய வாழ்க்கை என்று பெரிய லட்சியங்கள். தமிழ்நாடு காங்கிரஸின் பணமும் அதில் இருந்தது. ஆனால் அங்கே பிராமண மாணவர்களுக்குத் தனிப் பந்தி போட்டார்கள். 1924-25-ல் அது வெளியே வந்து பெரிய சண்டையாக வெடித்தது. பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறியதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று. ஐயர் 1925-ல் பாபநாசம் அருவியில் இறந்துபோனார். குருகுலம் அதற்குப் பிறகு தலையெடுக்கவில்லை.

இன்னொன்று மகாராஷ்டிரத்துச் சதாரா. பாவுராவ் பாட்டீல், கிர்லோஸ்கர் கலப்பைகளை விற்றுக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றியவர். ஜோதிராவ் புலேயின் சத்யசோதக் இயக்கத்தின் தாக்கம் உள்ளவர். 1919-ல் காலே என்ற கிராமத்தில் ரயத் சிக்ஷண் சன்ஸ்தாவைத் தொடங்கினார். 1924-ல் சதாராவில் விடுதி. எல்லா சாதிப் பிள்ளைகளும் ஒரே சமையலறை, ஒரே வரிசை. பிள்ளைகளே சமைத்தார்கள், வயலில் வேலை செய்தார்கள், கட்டடத்துக்குக் கல் சுமந்தார்கள். விடுதியில் அரிசி தீர்ந்தபோது அவர் மனைவி லட்சுமிபாய் தாலி உட்பட நகைகளை விற்றதாக இன்றும் அங்கே சொல்வார்கள். 1927-ல் காந்தி அங்கே போய்ப் பார்த்தார். 1947-ல் சத்ரபதி சிவாஜி கல்லூரி வந்தபோது அதே முறையைக் கல்லூரிக்கும் கொண்டுபோனார்கள். உழைத்துச் சம்பாதித்துப் படிப்பது. இன்றும் புனே பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு வளாகத்துக்குள் மணிக்கணக்கில் வேலை கொடுக்கும் திட்டம் ஒன்று 'கர்மவீர் பாவுராவ் பாட்டீல்' பெயரில்தான் நடக்கிறது.

சதாராவிலும் சாதி எதிர்ப்பு, நம் ஊரிலும் சாதி எதிர்ப்பு. அங்கே அது உழைத்துப் படிப்பதைத் தூக்கிப் பிடித்தது, இங்கே அதைச் சந்தேகித்தது. மராட்டியர்கள் உழைப்பாளிகள், நாம் அப்படியில்லை என்கிற மாதிரி விளக்கம் எல்லாம் குப்பை. என் கணிப்பில் காரணம் பந்தியில் இருக்கிறது. சதாராவில் ஒரு மகார் பையனும் மராத்தா பையனும் ஒரே அடுப்பில் ரொட்டி சுட்டார்கள். இருவருக்குமே அது அவர்கள் அப்பாவின் வேலை அல்ல. சேரன்மாதேவியில் உழைப்பு பொது, சாப்பாடு தனி.

அதற்கு முப்பது வருஷம் கழித்து வந்தது 1953. இந்த இடத்தில் எங்கள் பக்கத்துக்காரர் ஒருத்தர் கதைக்குள் வருகிறார். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கம். அன்றைக்குச் சேலம் மாவட்டம், 1965 முதல் 2004 வரை தர்மபுரி மாவட்டம், இப்போது கிருஷ்ணகிரி. முதலமைச்சராக அவர் கொண்டுவந்த மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம் இதுதான்: கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் தினமும் மூன்று மணி நேரம் பாடம், ஷிப்ட் முறையில். மீதி நேரம் பிள்ளை வீட்டில் இருந்து பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும். அதே கட்டடம், அதே வாத்தியார், இரண்டு மடங்கு பிள்ளைகள் என்பது நிர்வாகக் கணக்கு. 'குலக்கல்வி' என்று ஒரே வார்த்தையில் அதற்குப் பெயர் வைத்தார்கள் எதிர்த்தவர்கள். 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார், அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

ராஜாஜியின் நோக்கம் சாதியைக் காப்பாற்றுவதா, பணமில்லாத அரசுக்குப் பிள்ளைகளை எப்படியாவது பள்ளியில் சேர்க்கும் வழியா என்று எழுபது வருஷமாகச் சண்டை போடுகிறோம். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. சாஃப்ட்வேர்காரன் புத்தி, எனக்கு நோக்கத்தைவிட டிசைன்தான் கண்ணில் படும். ஒரு ப்ரோக்ராமில் பயனர் எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் என்ன மதிப்பு நிற்கும் என்பதை 'டீஃபால்ட்' என்போம். எத்தனை விருப்பங்கள் கொடுத்தாலும் பெரும்பாலானவர்கள் டீஃபால்ட்டிலேயே இருந்துவிடுவார்கள் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். அந்தத் திட்டத்தில் டீஃபால்ட், அப்பாவின் தொழில். நோக்கம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் செருப்புத் தைப்பவர் மகனின் மதிய நேரம் எங்கே போயிருக்கும் என்று சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை.

ஆனால் அந்தச் சண்டை நமக்குள் இன்னொன்றையும் விட்டுவிட்டுப் போனது. படிக்கிற பிள்ளையை வேலை செய்யச் சொல்வது என்றாலே குலக்கல்வி வாசனை அடிக்கும். 1956-ல் மதிய உணவு வந்தது. அதன்பின் வந்த எந்த ஆட்சியும் திசை மாறவில்லை. இலவசச் சீருடை, புத்தகம், சைக்கிள், பஸ் பாஸ், விடுதி. கல்லூரியிலும் அப்படியே. அரை நூற்றாண்டு கழித்து முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் தொழிற்கல்வியில் கல்விக் கட்டணச் சலுகை 2010-ல் வந்தது. 2022-ல் புதுமைப் பெண், 2024-ல் தமிழ்ப் புதல்வன், மாதம் ஆயிரம் ரூபாய். நாம் எடுத்த பாதை, வேலை கொடுக்காமல் நேரடியாக உதவி கொடுப்பது. இது சரியான பாதை என்றுதான் நான் நினைக்கிறேன். எங்கள் மாவட்டத்தைவிட இதற்கு நன்றி சொல்ல வேண்டிய மாவட்டம் இல்லை. 2011 கணக்கெடுப்பில்கூட மாநிலத்தின் எழுத்தறிவு 80 சதவீதம், தர்மபுரி 68.5. தமிழ்நாட்டிலேயே கடைசி.

அந்தப் பாதையில் ஒரு ஓட்டை இருக்கிறது. கட்டணமும் சோறும் பிள்ளையின் செலவைக் குறைக்கும். ஆனால் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்க வேண்டிய வருமானத்தை அவை ஈடுகட்டாது. 18 வயதுப் பையன் கல்லூரிக்குப் போகிறான் என்றால் ஒரு கூலி ஆள் குறைகிறது. அந்தக் குறை பையனுக்கே தெரியும். அம்மா சொல்லாமலேயே தெரியும்.

இது பற்றிப் பெரியப்பாவிடம் கேட்டேன். எழுபதுகளின் தொடக்கத்தில் தர்மபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.யூ.சி.யும் பட்டப்படிப்பும் படித்தவர். மாவட்டம் பிறந்த அதே 1965-ல் பிறந்த கல்லூரி அது. அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது.

"நீங்க படிக்கும்போது வேலைக்குப் போனீங்களா பெரியப்பா?"

"போகாம? கடலை மில்லுல மூட்டை தைக்கிற வேலை. சனி, ஞாயிறு."

"காலேஜுல தெரியுமா?"

"தெரிஞ்சா என்னா பண்ணுவாங்க? ஒரு வாத்தியாருக்குத் தெரியும். அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. திங்கக்கிழமை லேட்டாப் போனா வருகை போட்டுருவாரு. அவ்ளோதான்டா அப்ப ஸ்காலர்ஷிப்பு."

அந்த வாத்தியார் செய்தது விதிப்படி தப்பு. பெரியப்பா பட்டம் வாங்கியது அந்தத் தப்பால்தான். பயோமெட்ரிக் வந்த பிறகு அப்படி ஒரு வாத்தியாருக்கு இடமே இல்லாமல் போனது. (அந்த மாதிரி வருகைப்பதிவு மென்பொருள் ஒன்றில் ஆறு மாதம் நானும் வேலை செய்திருக்கிறேன். 'மண்டிக்குப் போனான்' என்று பதிவு செய்ய அதில் கட்டம் கிடையாது.)

2000-களின் நடுவில் தமிழ்நாட்டின் அரசு கலைக் கல்லூரிகள் பலவற்றில் இரண்டு ஷிப்ட் முறை வந்தது. இடமில்லை, ஆனால் மாணவர்கள் அதிகம், அதே 1953-ன் கணக்கு. கல்லூரி என்பதால் இங்கே யாரும் குலக்கல்வி என்று கத்தவில்லை. காலை ஷிப்ட் பையன்கள் மதியம் மெக்கானிக் ஷெட், துணிக்கடை, செல்போன் கடை என்று போனார்கள். மதிய ஷிப்ட் பையன்கள் விடிகாலையில் பால், பேப்பர், பூ, காய்கறி. யாரும் சட்டம் போடாமல், எந்த முதலமைச்சரும் ராஜினாமா செய்யாமல், அரை நாள் படிப்பு அரை நாள் வேலை என்பது நடந்துகொண்டுதான் இருந்தது. என் அக்கா மகனையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா லோடு ஏற்றும் அதே மண்டியில், அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று, அப்பாவின் வேலை. எதைத் தடுப்பதற்காக 1954-ல் அவ்வளவு பெரிய போராட்டம் நடந்ததோ, அது பின்வாசல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது.

இதனால்தான் வளாகத்துக்குள் வேலை என்பதை நான் குலக்கல்வியின் மறுபிறப்பாகப் பார்க்கவில்லை. அது இதற்கு நேர் எதிரானது. நூலக அடுக்கு, ஆய்வகக் கண்ணாடிக் குடுவை, கம்ப்யூட்டர் லேப், தேர்வுப் பிரிவின் தரவுப்பதிவு, இதில் எதுவும் மண்டித் தொழிலாளி மகனுக்கு அப்பாவின் வேலை அல்ல. வேலை நேரமும் வகுப்பு நேரமும் ஒரே அலுவலகத்தின் கையில் இருப்பதால் ஒன்றோடொன்று மோதாது. மூன்று மணிக்கு எழ வேண்டியதில்லை, பஸ்ஸைத் துரத்த வேண்டியதில்லை.

ஆனால் பயமும் நியாயமானதுதான். 'படித்துக்கொண்டே சம்பாதிக்கலாம்' என்ற வாசகத்தைத் தமிழ்நாட்டில் அதிகம் பயன்படுத்தியவர்கள் கல்லூரிகள் அல்ல, ஆள் பிடிக்கும் தரகர்கள். மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று இளம் பெண்களை மூன்று வருஷம் விடுதியில் அடைத்து வைத்து, முடிவில் மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். கல்யாணத்துக்குக் காசு, கூடவே படிப்பு என்றும் ஆசை காட்டினார்கள். வேலை பிரதானம், படிப்பு தூண்டில்.

இன்னொரு பயம் துடைப்பத்தைப் பற்றியது. கல்லூரிக்குள் வேலை என்று வந்தால் யாருக்குக் கம்ப்யூட்டர், யாருக்குத் துடைப்பம்? இந்தச் சண்டையும் உலகத்தில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்காக 1881-ல் டஸ்கீகியில் கல்விக்கூடம் தொடங்கிய புக்கர் டி. வாஷிங்டன், மாணவர்களே செங்கல் அறுத்துக் கட்டடம் எழுப்ப வைத்தார். உழைத்துத் தன்மானம் பெறலாம் என்றார். 1903-ல் டு போய்ஸ் அவரைக் கடுமையாக விமர்சித்தார். கறுப்பினப் பிள்ளைகளைக் கைத்தொழிலோடு நிறுத்தி, உயர்கல்வியையும் உரிமைகளையும் விட்டுக்கொடுக்கிறார் என்று. குலக்கல்வி எதிர்ப்புக்கு ஐம்பது வருஷம் முந்தைய பேச்சு. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் பெயரை மட்டும் மாற்றினால் போதும் போலிருக்கும். கென்டக்கியில் பெரியா என்ற கல்லூரி இதற்குச் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது. 1892-லிருந்து அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. பதிலுக்கு எல்லா மாணவர்களும், ஒருத்தர் விடாமல், வாரம் குறைந்தது பத்து மணி நேரம் வேலை செய்தாக வேண்டும். 'எல்லாரும்' என்பதுதான் அங்கே முக்கியமான சொல். சதாராவின் அதே பந்தி. ஏழைக்கு மட்டும் வேலை என்றால் வேலையே ஏழைக்கான முத்திரையாகிவிடும்.

நம் நாட்டில் வளாக வேலை இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கேட் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.டெக் சேர்கிறவர்களுக்கு மாத உதவித்தொகை உண்டு. பதிலுக்கு வாரம் எட்டு மணி நேரம் ஆய்வகத்திலோ வகுப்பிலோ உதவி செய்யணும். யாரும் அவர்களிடம் 'படிக்க வந்தாயா வேலை பார்க்க வந்தாயா' என்று கேட்பதில்லை. பட்டப்படிப்பு முடித்து, கேட்டில் தேறி, ஐ.ஐ.டி. வாசலைத் தாண்டியவனுக்குக் கௌரவமாகக் கிடைக்கும் வேலை, அதற்கு நாலு வருஷம் முன்னால் நிஜமாகவே தேவைப்பட்டபோது கிடைப்பதில்லை. சமூக-பொருளாதார ரீதியில் பின்தங்கிய மாணவர்களுக்காக பல்கலைக்கழக மானியக் குழு சமீபத்தில் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதற்கு ஒரு பகுதி இருக்கிறது. வகுப்பு நேரத்துக்கு வெளியே, வாரம் 20 மணி நேரத்துக்கு மிகாமல், மணிக் கணக்கில் ஊதியம். நூலகம், கணினி, ஆய்வகம், தரவுப்பதிவு மாதிரி வேலைகள். துடைப்பம் இல்லை, நல்லது. ஆனால் ரூஸ்வெல்ட்டும் ஜான்சனும் தந்தது வழிகாட்டுதல் அல்ல, சம்பளப் பணம். லேப் அட்டெண்டர் காலியிடத்தையே நிரப்ப முடியாமல் தவிக்கும் ஒரு மாவட்டக் கல்லூரியின் முதல்வர் எந்தக் கணக்குத் தலைப்பில் மாணவனுக்குச் சம்பளம் போடுவார்?

அக்கா மகனிடம் இதையெல்லாம் ஒரு நாள் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். சதாரா, டெக்சாஸ், எலி, எல்லாம். பொறுமையாகக் கேட்டான்.

"நூலகத்துல வேலைன்னா மணிக்கு எவ்ளோ மாமா குடுப்பாங்க?"

"தெரியலடா. அறுபது, எழுபது இருக்கலாம்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. மனசுக்குள் பெருக்கிப் பார்க்கிறான் என்று புரிந்தது.

"மண்டில கூட வரும் மாமா. ஆனா தூங்கலாம்ல."

71 சதவீதத்துக்குக் காண்டனேஷன் ஃபீஸ் கட்டினால் பரீட்சை எழுதலாம் என்று விதி இருந்தது. பணம் அனுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டான். அந்த வாரம் தக்காளி வரத்து ஜாஸ்தி. மண்டியில் வந்த கூலியிலிருந்தே கட்டிவிட்டுப் பரீட்சை எழுதினான்.